மருவா, ஆணியா? மருந்துக் கடையில் கேட்ட கேள்விகள்

கும்பகோணத்தில் 26 வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மரு சம்பந்தமாக நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

அம்மா நடவுக்குப் போகிறவர். குதிகாலில் ஆணி என்று மூன்று மாதமாகக் கார்ன் கேப் (ஆணிக்கான மருந்துப் பிளாஸ்திரி) ஒட்டுகிறார். போகவே இல்லை, அண்ணே. (வலங்கைமான்)

ஆணிதானா என்று முதலில் பாருங்கள். காலைக் கழுவித் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆணி என்றால் தோல் ரேகை அதன் மேலேயே ஓடும். மரு என்றால் ரேகை அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் மிளகுத் தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள் தெரியலாம். கருவேல முள் ஒடிந்து உள்ளே இருக்கிறது என்று ஊக்கால் தோண்டுபவர்கள் உண்டு. அது முள் இல்லை, உறைந்துபோன சின்ன ரத்தக் குழாய். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரண்டு விரலால் பக்கவாட்டில் பிதுக்கினால் வலிப்பது பெரும்பாலும் மரு.

ஆணி அழுத்தத்தால் வருவது, மரு வைரஸால் வருவது. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய காலில் வெடிப்பு இருந்தால் வைரஸ் நுழைவது சுலபம்.

இதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? உண்டென்றால் அந்த கேப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பலவற்றில் 40 சதவீதம் வரை. ஒருமுறை ஒரு பெரியவர் கடைக்கு வந்து காலை நீட்டினார். கேப்பைப் பிரித்தால் அடியில் ரூபாய்க் காசு அளவுக்குப் புண். "வலிக்கவே இல்லையே தம்பி" என்றார். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு அமிலம் நல்ல தோலைத் தின்பதே தெரியாது. காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே விதிதான். டாக்டரிடம் காட்டாமல் இவர்களுக்கு நான் விற்பதில்லை.

விரல் மருவுக்குச் சொட்டு மருந்து இரண்டு வாரமாகப் போடுகிறேன். தோல் வெள்ளையாக உரிகிறது, மரு அப்படியே இருக்கிறது. வேறு மருந்து மாற்றலாமா? (மன்னார்குடி)

மாற்றாதீர்கள் தம்பி. வெள்ளையாக உரிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது. 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் 16.7 சதவீதம் வீதம் கலந்தது. அது தோலை அடுக்கடுக்காகத்தான் கரைக்கும்.

நிறையப் பேர் மேலே மட்டும் பூசிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள், நேற்று உரிந்த வெள்ளைத் தோலைச் சுரண்டுவதில்லை. அப்புறம் மருந்து எப்படி உள்ளே போகும்? ராத்திரி ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, நகம் தேய்க்கும் அட்டையால் ரத்தம் வராத அளவுக்குத் தேயுங்கள். அந்த அட்டையை வேறு யாருக்கும் தரக்கூடாது, மரு போனதும் தூக்கி எறியுங்கள். சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாஸ்லின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. நகப் பாலிஷ் போலக் காய்ந்ததும் பிளாஸ்திரி. சிவந்து எரிந்தால் சில நாள் விட்டுவிட்டுத் தொடரலாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அம்மான் பச்சரிசிப் பால் வைத்தால் உதிரும் என்கிறார் பாட்டி. மாமா சுண்ணாம்பும் சோடாவும் என்கிறார். எது நல்லது? (திருத்துறைப்பூண்டி)

இரண்டில் மாமா சொல்வதுதான் பெரிய ஆபத்து. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். மரு போகும், கூடவே சதையும் போகும், தழும்பு மட்டும் நிற்கும். அம்மான் பச்சரிசிப் பாலும் சிலருக்குத் தோலை எரிக்கும். எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கருவிழி புண்ணாகும்.

ஏழு வயதுப் பையன், முழங்காலில் நான்கு மரு. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பு மிளகு போடுவதாக வேண்டியிருக்கிறோம். மருந்தும் போடணுமா? (மயிலாடுதுறை)

போய்வாருங்கள் அம்மா. குழந்தைகளின் மரு ஏறக்குறைய பாதி ஒரு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். வலி இல்லை, பரவவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். நடுவில் குழந்தை அதைக் கடிக்காமல், பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் குட்டிக் குட்டியாக மரு தொங்குகிறது. அதே சொட்டு மருந்து போடலாமா? (பாபநாசம்)

கூடாது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் மரு என்று பெயர் வைத்துவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். கழுத்தில் காம்போடு தொங்குவது பெரும்பாலும் வெறும் தோல் தொங்கல், வைரஸ் மரு இல்லை. அமிலம் வைத்தால் கழுத்துத் தோல்தான் வெந்துபோகும். முகம், மச்சம், முடி முளைத்த மரு எதிலும் இதைப் போடாதீர்கள். அளவோ நிறமோ மாறினால், ரத்தம் கசிந்தால், தஞ்சை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம். அந்தரங்க இடத்தில் இருக்கிறது.

கடை மருந்து எதுவும் வேண்டாம். தோல் டாக்டரிடம் போங்கள். அவர்கள் தினமும் பார்ப்பதுதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆன்லைனில் உறைய வைக்கும் ஸ்பிரே விற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் செய்வதும் இதுதானே? (திருவாரூர்)

இல்லை. ஆஸ்பத்திரியில் திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. வீட்டு ஸ்பிரே சுமார் மைனஸ் 57தான். காசுக்கு அது அவ்வளவு வேலை செய்யாது என்பது என் கணிப்பு. தடித்த பாத மருவுக்கு ரொம்பவே போதாது.

சீசாவில் மருந்து கெட்டியாகிவிட்டது. தண்ணீர் கலக்கலாமா? (குடவாசல்)

கலக்காதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்காமல் வைத்தால் ஆவி போய் இப்படித்தான் ஆகும். அந்த ஆவி தீப்பிடிக்கும், ஆகவே அடுப்படியிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் சீசாவை வைக்காதீர்கள்.