பெரியப்பாவை ‘நார்சிசிஸ்ட்’ என்று சொல்லலாமா?

கேள்வி: எனக்குத் தக்கலைப் பக்கம். கணவரின் அண்ணன் பல வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். யார் எதைப் பேசினாலும் பேச்சு கடைசியில் அவரிடமே வந்து நிற்கும். என் கணவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தபோது பார்க்க வந்தவர், வலி இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துபாயில் தனக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். மாமியாரின் பதினாறாம் நாளுக்கு அவர் அடித்துவைத்த பிளெக்ஸில் அத்தையின் படத்தைவிட அவர் படம் பெரிது. காலேஜில் படிக்கும் என் மகள் சாப்பிடும்போது, “பெரியப்பா ஒரு நார்சிசிஸ்ட்” என்று சொல்லிவிட்டாள். கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அப்பாவும் மகளும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அது வியாதியா? மகள் சொன்னது தப்பா? அத்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாள் வேறு வருகிறது.

பதில்: சகோதரி, உங்கள் மகள் கவனித்ததில் தப்பில்லை. அதற்கு அவள் எடுத்த வார்த்தைதான் கொஞ்சம் பெரியது.

நார்சிசஸ் என்பவன் கிரேக்கக் கதையில் வரும் அழகான இளைஞன். தன்னை விரும்பி வந்தவர்களை எல்லாம் உதறித் தள்ளியவன், ஒரு சுனையில் தெரிந்த தன் உருவத்தின் மேலேயே ஆசை வைத்து, அந்தக் கரையை விட்டு நகர முடியாமல் உருகிச் செத்துப்போனான். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் எக்கோ என்று ஒரு பெண்ணும் உண்டு. சொந்தமாகப் பேச முடியாதவள். அடுத்தவர் சொன்னதின் கடைசி வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல மட்டுமே அவளால் முடியும். அவன் மேல் ஆசைப்பட்டு, அவமானப்பட்டு, உடம்பெல்லாம் கரைந்து வெறும் குரலாக மிஞ்சினாள். எனக்கு இந்தக் கதையில் அவனைவிட அவள்தான் முக்கியம். தன்னைத் தவிர வேறு யாரும் கண்ணில் படாத ஒருவர் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை அவளை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

மனநல எழுத்துகளில் இந்தப் பெயர் 1898, 1899 வாக்கில் நுழைந்தது. 1914-ல் சிக்மண்ட் பிராய்ட் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதை ஓர் ஆளுமைக் கோளாறாகச் சேர்த்துக்கொண்டது. தன்னைப் பற்றிய மிகையான எண்ணம், ஓயாத பாராட்டுப் பசி, தனக்கு எல்லாம் கிடைத்தே தீர வேண்டும் என்ற நினைப்பு, அடுத்தவரைப் பயன்படுத்திக்கொள்வது, அடுத்தவர் வலி உறைக்காதது என்று 9 அடையாளங்கள் சொல்கிறார்கள். குறைந்தது 5 இருக்க வேண்டும், அதுமட்டும் போதாது. அவை இளவயதிலிருந்தே தொடர்ந்து, வீடு, வேலை, நட்பு என்று பல இடத்திலும் தெரிந்து, வாழ்க்கையையே பாதித்திருக்க வேண்டும். இதை நேரில் பேசிப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். உங்கள் கடிதத்தை வைத்து நானும் சொல்ல மாட்டேன், செல்போனில் ரீல்ஸ் பார்த்து உங்கள் மகளும் சொல்லக் கூடாது.

சரி, சாதாரணப் பேச்சில் என்ன அர்த்தம்? சுயநலம் பிடித்தவருக்குப் பொருள் வேண்டும், கிடைத்தால் அடங்கிவிடுவார். தலைக்கனம் பிடித்தவர் நம்மை மட்டமாக நினைப்பார், ஆனால் நாம் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். நார்சிசிஸ்டுக்கு வேண்டியது பார்க்கிற கண்களும் கேட்கிற காதுகளும். அது கிடைக்காவிட்டால் வாடுவார், சின்னக் குறை சொன்னாலும் கொதிப்பார். வெளியே தெரிகிற பெருமைக்குக் கீழே பல பேரிடம் எளிதில் உடைகிற மனசு இருக்கும். இப்படிப்பட்டவர்களை நம் ஆட்களுக்கு முன்பே தெரியும். ‘தன்னை வியந்தான்’ விரைந்து கெடுவான் என்று குறள் சொல்கிறது. நம் மாவட்டத்தில் வேதாகமம் வாசிக்காத தெரு குறைவு. அதில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், கடைசி நாட்களின் மனுஷர்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் வருவதே ‘தற்பிரியர்’ என்ற வார்த்தைதான்.

உங்கள் அத்தானைப் பற்றி இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வளைகுடாவில் இருந்தவரை அவர் லீவுக்கு வரும்போதெல்லாம் வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கும். பெட்டி திறக்கும்போது பிள்ளைகள் கண் அவர் கையிலேயே இருந்திருக்கும். ஊரோடு வந்த பிறகு அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. நம் பக்கத்தில் இப்படித் திரும்பி வந்து, பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிற அண்ணன்மார் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர் போவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று கணவரிடம் கேளுங்கள். அப்போதும் இப்படித்தான் என்றால் இது குணம். அப்போது இப்படி இல்லை என்றால், கேட்க ஆள் இல்லாத தவிப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் பட்ட வருத்தம் உண்மை. வருத்தப்பட வியாதியின் பெயர் தேவையில்லை.

மகளை வைது அடக்காதீர்கள். பெயரை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். “அப்பா, உங்களுக்கு வலி இருக்கான்னு பெரியப்பா கேக்கலை, எனக்குக் கஷ்டமா இருந்தது.” இதை அவள் சொன்னால் உங்கள் கணவர் கோபப்பட முடியாது, ஏனென்றால் அந்த வலி அவருடையது. நார்சிசிஸ்ட் என்றதும் அவர் தம்பியாகி அண்ணனுக்குப் பரிந்து எழுந்துவிட்டார். அத்தான் முகத்துக்கு நேரே யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டாம். சண்டை வார்த்தையைப் பற்றியதாகிவிடும், செய்த காரியம் மறந்துபோகும்.

நினைவு நாள் பிளெக்ஸை இந்த முறை உங்கள் கணவரே முந்திக்கொண்டு அச்சுக் கடையில் கொடுக்கட்டும். அத்தை படம் மட்டும், கீழே பிள்ளைகள் பெயர் வயது வரிசையில். மூத்தவர் என்பதால் அவர் பெயர்தானே முதலில் வரும்! வந்தவர்களை வரவேற்கிற பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள், மனசார ஏற்றுக்கொள்வார். பேச்சு நீண்டால், “அத்தான், இவருக்கு மாத்திரை நேரம்” என்று எழுந்து வாருங்கள். விவாதித்து அவரை மாற்றப் பார்க்காதீர்கள். இந்தக் குணத்துக்கென்று மருந்து கிடையாது. நீண்ட நாள் மன ஆலோசனையில் பலன் கிடைக்கலாம், அதற்கு அவரே விரும்பி வர வேண்டும். உங்களுக்குத் தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. இவ்வளவு எழுதிய நீங்கள் அத்தானின் மனைவியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. ஒரு நாள் மத்தியானம் அவர் வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து அந்த அக்காவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அத்தானைப் பற்றி எதுவும் கேட்காமல் அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டார்கள், அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள்.