பார்ன்யானியை விற்ற வியாபாரம்

அன்புள்ள அண்ணா,

ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் நிர்வாகத்தை நடத்திவந்த மசாய் உஜிரி 2025 ஜூன் கடைசியில் அதை விட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர் செய்த வீரர் பரிமாற்றங்களில் எது சிறந்தது? கவாய் லெனார்டைக் கொண்டுவந்ததுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்வது, 2013இல் பதவிக்கு வந்த சூட்டோடு ஆண்ட்ரியா பார்ன்யானியை நியூயோர்க் நிக்ஸ் தலையில் கட்டியதைத்தான். அதில் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வில் (புது இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் உரிமை; மோசமாக ஆடிய அணிக்குப் பெரும்பாலும் முன்வரிசை) 2016இல் யாக்கோப் பெர்ட்டில் வந்தார். அணியின் நட்சத்திரம் டிரோசனையும் பெர்ட்டிலையும் கொடுத்து 2018இல் லெனார்ட் வந்தார். 2019இல் என்.பி.ஏ. கோப்பை வந்தது. ஆக, கோப்பைக்கு வித்து பார்ன்யானி. அதே 2013 டிசம்பரில் ரூடி கேயை சக்ரமெண்டோவுக்கு அனுப்பியதற்கும் இப்படி ஒரு வம்சாவளி உண்டு. அதில் வந்த வாஸ்கெஸைக் கொடுத்து நோர்மன் பவலும் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் கிடைத்தன. அந்தத் தேர்வையும் டெரன்ஸ் ராஸையும் கொடுத்து செர்ஜ் இபாக்கா வந்தார். பவலும் இபாக்காவும் கோப்பை அணியில் இருந்தவர்கள்.

மாமா ஒப்புக்கொள்வதில்லை. "பார்ன்யானியை யார் வந்திருந்தாலும் விற்றிருப்பார்கள். புது மேலாளர் தும்மினாலும் ரசிகர்கள் கைதட்டுவார்கள்" என்கிறார். பரிமாற்றம் நடந்த இரவே பத்துக்கு இத்தனை என்று ரசிகர்கள் மதிப்பெண் போடுகிறார்களே, அதற்கு ஏதாவது பொருள் இருக்கிறதா? அல்லது ஐந்து ஆண்டு பொறுத்துத்தான் சொல்ல முடியுமா? நாளை ஒரு புது மேலாளர் வந்து முதல் பரிமாற்றத்தைச் செய்தால் எதைப் பார்ப்பது?

அன்புடன்,
சு., ஸ்காபரோ

அன்புள்ள தம்பி சு.,

பார்ன்யானி பரிமாற்றம் மிக நல்ல வியாபாரம் என்பதில் நான் உங்கள் கட்சி. ஆனால் அதைக் கோப்பையோடு சேர்த்து நீங்கள் போட்டிருக்கும் முடிச்சு, இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

அந்தத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2012-13 பருவத்தில் நிக்ஸ் 54 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் இரண்டாம் இடத்தில் முடித்த அணி. அப்படிப்பட்ட அணியின் முதல் சுற்றுத் தேர்வு என்றால் இருபதுக்கு மேல் எங்கோ விழும், ஒரு மாற்று ஆட்டக்காரர் கிடைத்தால் பெரிது என்றுதான் 2013இல் எவரும் கணக்குப் போட்டிருப்பார்கள். இரண்டே ஆண்டில் நிக்ஸ் 17 வெற்றிக்குச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டு 32. அந்தச் சரிவு உஜிரியின் கணக்கில் இருந்திருக்க முடியாது. அதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. 2016இல் நிக்ஸின் தேர்வு ஏழாவதாக வந்தது. ஆனால் நிக்ஸோடு இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை டென்வரிடம் இருந்ததால் ஏழு அங்கே போனது. டென்வரின் ஒன்பது ரொறன்ரோவுக்கு வந்தது. அந்த உரிமையை 2011இல் கார்மெலோ ஆண்டனியை நியூயோர்க்குக்கு விற்றபோது பேரம் பேசி வாங்கியவர் யார்? அப்போது டென்வரின் மேலாளராக இருந்த இதே உஜிரிதான். அந்த ஏழில் டென்வர் எடுத்தது நம் ஒன்ராறியோ மாகாணத்துக் கிச்சனர் பையன் ஜமால் மரேயை. தன் பழைய சாமர்த்தியத்துக்குத் தானே விலை கொடுத்த மேலாளர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆக, விளைவை வைத்துத்தான் மதிப்பிடுவேன் என்றால் இதையும் கழித்தாக வேண்டும். 2019இல் பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டத்தில் லெனார்ட் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தின் மேல் நான்கு முறை குதித்துவிட்டு உள்ளே விழுந்ததே, அதையும் சேர்த்தாக வேண்டும். அது வெளியே விழுந்திருந்தால் பார்ன்யானி பரிமாற்றம் மோசமானதாகிவிடுமா? ஆகாதல்லவா? அப்படியானால் உள்ளே விழுந்ததற்கும் அதில் பங்கில்லை.

அந்தப் பரிமாற்றத்துக்கு 2013 ஜூலையிலேயே மதிப்பெண் போட்டிருக்கலாம். தேவையான தகவல் எல்லாம் அன்றே மேசைமேல் இருந்தது.

பார்ன்யானி 2006இல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஏழடி உயரம், தூரத்திலிருந்து எறியும் மென்மையான கை. 2009இல் ஐந்து ஆண்டுக்கு 50 மில்லியன் டொலர் புது ஒப்பந்தம். 2012-13இல் ஆடியது 35 ஆட்டங்கள்; எறிந்ததில் உள்ளே போனது நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை; ஓர் ஆட்டத்துக்கு நான்கு ரீபவுண்டும் (தவறி எகிறும் பந்தைப் பிடிப்பது) தேறவில்லை. ஏழடி மனிதருக்கு! அவர் கைக்குப் பந்து வந்தாலே சொந்த அரங்கில் 'பூ' என்று கூச்சல் எழும் நிலை வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டும் ஏறத்தாழ 23 மில்லியன் டொலரும் பாக்கி. அந்த நிலையில் ஓர் அணி வழக்கமாகச் செய்வது, சுமையை இறக்கிவைப்பதற்குக் கூலியாகத் தன் தேர்வு ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது. உஜிரி தலைகீழாகச் செய்தார். சுமையையும் இறக்கிவைத்தார், இறக்கிவைத்த இடத்திலிருந்து ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

கூடவே வந்த மூன்று பேரைப் பார்த்து மதிப்பெண் குறைத்தவர்கள் இருந்தார்கள். மார்கஸ் கேம்பிக்கு வயது 39. ரொறன்ரோ சட்டையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. குவென்டின் ரிச்சர்ட்சனும் விடுவிக்கப்பட்டார். ஸ்டீவ் நோவாக் மூலையில் நின்று எறிவார், வேறொன்றும் எதிர்பார்க்கக் கூடாது. அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் பாக்கி, அது ஒரு சின்னத் தொல்லை. ஆனால் அந்த மூவரும் சம்பளக் கணக்கைச் சமன்செய்ய வந்தவர்கள். பேரத்தின் சாரம் தேர்வுகளும் விடுதலையும்.

நிக்ஸ் வாங்கியது என்னவென்று அந்த டிசம்பரில் மில்வாக்கியோடு நடந்த ஆட்டத்தில் தெரிந்தது. நிக்ஸ் இரண்டு புள்ளி முன்னிலை, சில நொடிகளே பாக்கி. தவறிய பந்தைச் சக வீரர் மீட்டு வெளியே தட்டிவிடுகிறார், அது பார்ன்யானியிடம் வருகிறது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாலே போதும். எதிரணிதான் ஓடிவந்து ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அவரோ நிதானமாக மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். தவறியது. நிக்ஸின் சொந்த பெஞ்சில் இருந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். மில்வாக்கி சமன்செய்தது, ஆட்டம் மேலும் நீண்டது. கடைசியில் நிக்ஸ் வென்றது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இனி மாமாவிடம் வருகிறேன். யார் வந்திருந்தாலும் விற்றிருப்பார்களா? முந்தைய மேலாளர் பிரையன் கொலாஞ்சலோவால் விற்க முடியவில்லையே. 2006இல் பார்ன்யானியைத் தேர்ந்தெடுத்தவர் கொலாஞ்சலோ. 2009இல் 50 மில்லியன் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் ஏழு ஆண்டும் தப்பு என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் இன்னும் ஒரு பருவம், இன்னும் ஒரு பருவம் என்று தள்ளிப்போட்டார். புதிதாக வருபவருக்கு அந்தக் கடன் இல்லை. யார் எதற்காக எடுத்தார்கள் என்று அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரம் எந்தப் புது மேலாளருக்கும் முதல் ஓராண்டு உண்டு. அதற்குப் பிறகு அணியிலிருக்கும் ஒவ்வொரு பிழையும் அவர் பெயரில் பதிவாகிவிடும். அந்த அளவில் மாமா சொல்வது சரி: விற்கும் துணிச்சல் நாற்காலியோடு வந்தது. விலை மட்டும் நாற்காலியோடு வராது. அந்த விலை உஜிரியுடையது.

ரூடி கே விஷயத்தில்தான் ரசிகர்கள் இரண்டு முறை ஏமாந்தார்கள் என்பேன். செய்தி வந்த அன்று ராப்டர்ஸ் 6 வெற்றி, 12 தோல்வி. கே அணியிலேயே அதிகமாக எறிந்துகொண்டிருந்தார், நூற்றுக்கு நாற்பது உள்ளே போகவில்லை, அடுத்த ஆண்டுச் சம்பளம் 19 மில்லியனைத் தாண்டும். அவரையும் இன்னும் இருவரையும் கொடுத்து வாஸ்கெஸ், பாட்ரிக் பாட்டர்சன், ஜான் சால்மன்ஸ், சக் ஹேய்ஸ் என்று நான்கு நடுத்தர வீரர்களை வாங்கியதும் எல்லோரும் ஒரே குரலில், தோற்பதற்குத் தயாராகிறார்கள் என்றார்கள். அடியில் முடித்து, 2014 தேர்வில் நம் ஊர்ப்பக்கத்து ஆண்ட்ரூ விக்கின்ஸைப் பிடிக்கப் போகிறார்களாம். எஞ்சிய 64 ஆட்டங்களில் 42 வெற்றி வந்தது. மொத்தம் 48, அதுவரை அந்த அணி கண்டிராத எண்ணிக்கை. உடனே அதே ரசிகர்கள் எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

திட்டம் என்றால், அதே டிசம்பரில் கைல் லௌரியையும் நிக்ஸுக்கு விற்கும் பேச்சு ஏன் நடந்தது? மீண்டும் உஜிரியிடம் ஏமாந்துவிடுவோமோ என்று நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன் பின்வாங்கியதால்தான் அது நின்றது என்று அப்போது செய்திகள் வந்தன. லௌரி போயிருந்தால் 48 ஏது, 2019 ஏது? என் கணிப்பு இதுதான்: உஜிரி வெற்றிக்கும் திட்டமிடவில்லை, தோல்விக்கும் திட்டமிடவில்லை. 19 மில்லியனை இறக்கிவைத்துவிட்டு எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய இடத்தில் நிற்க விரும்பினார். அதற்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். தீர்க்கதரிசனத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

அணி ஏன் வென்றது என்பது இன்னும் சுவையான விஷயம். கே எறிந்துகொண்டிருந்த பதினெட்டு, பத்தொன்பது எறிகள் டிரோசன், லௌரி, ராஸ் ஆகியோருக்குப் பிரிந்து போயின. வந்த நால்வரும் பெஞ்சை நிரப்பினார்கள். அதுவரை முதல் ஐவர் மூச்சு வாங்க உட்கார்ந்தால் முன்னிலை கரைந்துவிடும். அந்த நிலை மாறியது. சரி, டிரோசனைத் தேர்ந்தெடுத்தவர் யார்? கொலாஞ்சலோ. லௌரியை ஹூஸ்டனிலிருந்து வாங்கியவர்? கொலாஞ்சலோ. வலன்சியூனாஸ், ராஸ், அமீர் ஜான்சன், பயிற்சியாளர் டுவேன் கேசி? அவரே. அந்த 48 வெற்றியில் புது மேலாளர் சேர்த்ததைவிடக் கழித்தது பெரிது. கழிக்கப்பட்ட கேயைப் பத்து மாதத்துக்கு முன் வாங்கிவந்தவரும் கொலாஞ்சலோதான் என்பது அவருடைய துரதிர்ஷ்டம். ஊர் அவரைப் பார்ன்யானிக்காகவும் கேவுக்காகவும் மட்டுமே நினைவில் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதனால், நாளை ஒரு பரிமாற்றம் நடந்தால் உள்ளே வருபவரின் சிறந்த ஆட்டத் துண்டுகளை உட்கார்ந்து பார்ப்பதற்கு முன், வெளியே போவது என்ன என்று பாருங்கள்: எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எத்தனை எறிகள், எத்தனை நிமிடங்கள், அவற்றை எடுத்துக்கொள்ள அணியில் ஆள் இருக்கிறாரா. அடுத்து, போகிறவரைக் கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள். முன்னவர் வாங்கியதைப் புதியவர் விற்பதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஊர் கொண்டாடும் ஆளை, அல்லது தானே காசு கொடுத்து வைத்துக்கொண்ட ஆளை விற்கும்போதுதான் மேலாளர் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

டிரோசன் இரண்டுமாக இருந்தார். 2016இல் ஐந்து ஆண்டுக்கு 139 மில்லியன் கொடுத்தது உஜிரியின் நிர்வாகம். இந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் அவர். 2018 ஜூலையில் அவரைக் கொடுத்து, அதற்கு முந்தைய பருவத்தில் ஒன்பதே ஆட்டங்கள் ஆடிய, ஒரே ஆண்டில் போய்விடக்கூடிய லெனார்டை வாங்கினார்கள். அன்றிரவு ரொறன்ரோவில் பலர் பூஜ்யம் போட்டார்கள். அது பாசம் போட்ட மதிப்பெண்; கோபிக்க முடியாது. ஆனால் அன்று தெரிந்திருந்ததை வைத்தே நான் ஏழு போடுவேன்: அந்த அணி மூன்று ஆண்டு தொடர்ந்து கிளீவ்லண்டிடம் தோற்று வெளியேறியிருந்தது, கடைசி இரண்டு முறையும் ஓர் ஆட்டம்கூட எடுக்காமல். அதன் உயரம் அவ்வளவுதான் என்பது தெரிந்துவிட்டிருந்தது. லெனார்ட் ஓர் ஆண்டு ஆடிவிட்டுப் போனார் என்பதற்காக அதை ஆறாக்க மாட்டேன், கோப்பை வந்தது என்பதற்காகப் பத்தாக்கவும் மாட்டேன். கேவுக்கும் ஏழு. பார்ன்யானிக்கு ஒன்பது, நோவாக்கின் மூன்று ஆண்டுக்காக ஒன்று குறைத்திருக்கிறேன்.

மாமாவிடம் இதைக் காட்டுங்கள். 2013 ஜூனில் உங்கள் வீட்டில் யாராவது, பார்ன்யானியைக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வு வாங்கலாம் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்