வரலாறு படித்தால் சோறு போடுமா?

கேள்வி: என் மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. வரலாறு படித்த ஒருவர் அரசுக்கே யோசனை சொல்கிற அமைப்பைத் தொடங்கினாராம், தானும் அப்படி வருவேன் என்கிறாள். சொந்தக்காரர்களோ கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள். அவள் சொல்வது நடக்கிற காரியமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நடக்கிற காரியம்தான் அம்மா, மாற்றாதீர்கள்.

அவள் சொல்வது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சைமன் ஷ்ரெட்டராக இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாவு ஏன் குறைந்தது? மக்கள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததுதான் முக்கியக் காரணம் என்றார் தாமஸ் மெக்கியூன் என்ற மருத்துவப் பேராசிரியர். பலரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஷ்ரெட்டர் அதே பழைய இறப்புக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நகராட்சிகள் காசைச் செலவழித்து நல்ல தண்ணீரும் சாக்கடையும் கொண்டுவந்ததற்குத்தான் பெரிய பங்கு என்று 1988-இல் எழுதினார். செத்தவர்கள் கணக்கு என்று தள்ளிவிட முடியாது, பாருங்கள். நாட்டில் பணம் பெருகினால் ஆரோக்கியம் தானாக வருமா, இல்லை அரசு குழாய் போட்டுத்தான் ஆக வேண்டுமா என்பது இன்றைக்கும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வந்து நிற்கிற கேள்வி.

அப்புறம் 2002-இல் அவரும் அலஸ்டேர் ரீட் என்ற வரலாற்றாசிரியரும் சேர்ந்து ‘ஹிஸ்டரி அண்ட் பாலிசி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வரலாற்றாசிரியர்கள் தங்கள் ஆராய்ச்சியைச் சுருக்கி, அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் படிக்கிற மாதிரி எழுதித் தருவதுதான் அங்கே வேலை. நம் பக்கத்திலும் வழி இருக்கிறது. அடையாறில் மால்கம் ஆதிசேசையா 1971-இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பொருளாதாரக்காரர்களோடு வரலாற்றாசிரியர்களும் வேலை பார்த்திருக்கிறார்கள்.

அதற்காக உடனே சம்பளம் கொட்டும் என்று சொல்ல மாட்டேன். மேற்படிப்பு வேண்டும், பழைய ஆவணங்களைப் படிக்க நல்ல ஆங்கிலம் வேண்டும், கூடவே கொஞ்சம் புள்ளிவிவரக் கணக்கும் வேண்டும்.

ஆனால் அவள் படிக்கிற இடத்தைப் பாருங்கள்! ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா அந்த வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. 2009 நவம்பரில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, அந்த மழையில் மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னால் எந்தெந்தச் சரிவு எந்த வருஷம் இறங்கியது, அங்கே அப்போது தேயிலை இருந்ததா, வீடு இருந்ததா, ஓடையை யார் மறித்தார்கள்? ஹட்டியில், அதாவது படுகர் ஊர்களில், இருக்கிற பெரியவர்களிடம் கேட்டு, தாலுகா அலுவலகக் காகிதங்களோடு ஒத்துப்பார்த்து, இதையே மூன்றாம் ஆண்டு புராஜெக்டாகச் செய்யச் சொல்லுங்கள். முடித்ததும் நாலு பக்கத்துக்குச் சுருக்கி, ஒரு பிரதியைக் கேத்தி பேரூராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.