மீனமேஷம் எண்ணுவது என்றால் என்ன?

முடிவெடுக்காமல் நாளைக் கடத்துபவரை "மீனமேஷம் எண்ணுகிறார்" என்று ஓசூர்ப் பக்கம் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் சூளகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இடம். தெலுங்கில் 'மீன மேஷாலு லெக்கபெட்டடம்', கன்னடத்தில் 'மீன மேஷ எணிசுவுது'. எங்கள் பாட்டி அதைத் தமிழில் சொல்லித் திட்டுவார்.

சோதிடத்திலிருந்து வந்த வழக்கு இது. 12 ராசிகளில் மேஷம் முதல், மீனம் கடைசி. நாள் குறிப்பவர் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் நகர்த்தி எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். விரலுக்கு மூன்றாக நான்கு விரல்களில் 12 கணுக்கள். மீனம் முடிந்தால் மறுபடியும் மேஷம், வட்டத்துக்கு முடிவேது? ஒரு ராசி உதித்து அடுத்தது உதிக்க ஏறக்குறைய 2 மணி நேரம், அதாவது 5 நாழிகை. அப்போது உதிக்கும் ராசிதான் லக்கினம். நல்ல லக்கினத்தை எண்ணிக்கொண்டே இருந்தால் அந்த லக்கினமே கடந்துவிடும்.

(சூரியன் மீனத்தில் இருக்கும்போது யுகாதி, மேஷத்துக்குள் நுழைந்ததும் சித்திரைப் புத்தாண்டு. எங்கள் தெருவில் இரண்டும் உண்டு.)

இதைத் தயக்கம் என்று மட்டும் பொருள் சொல்வது போதாது. தயங்குபவருக்கு அச்சம். இருதலைக்கொள்ளி எறும்புக்கு இரு பக்கமும் நெருப்பு. மீனமேஷம் எண்ணுபவருக்கோ வழி திறந்தே கிடக்கிறது. இதைவிட நல்ல வேளை வரும் என்ற கணக்குதான் காலைக் கட்டிப்போடுகிறது.

தாத்தா அப்படித்தான். 'பெங்களூரா' ரக மாங்காய்க்கு வியாபாரி விலை சொல்லிவிட்டுத் திண்ணையில் காத்திருந்தார். தாத்தாவின் கட்டைவிரல் கணுக்களில் நகர்ந்துகொண்டே இருந்தது. "மீனமேஷம் எண்ணினது போதும், கொடுத்துவிடுங்கள்" என்றார் பாட்டி. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று தாத்தா வியாபாரியை அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் இரவு கோடைக்காற்று. விடிந்து பார்த்தால் மரத்தடியெல்லாம் காய், காம்பில் பால்கூடக் காயவில்லை. ஒன்றை எடுத்துத் துண்டால் துடைத்தபடி வெகுநேரம் நின்றார்.

சிலர் இதை 'மீனமேஷம் பார்ப்பது' என்று எழுதுகிறார்கள். 'எண்ணுவது' என்றே எழுதுங்கள். கணுக்களில் நகரும் அந்த விரல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.