கேளுங்கள்: இந்த வாரம் தவளையும் தேரையும்

31 வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன் என்று போன இதழில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி தவளை. நுணலும் தன் வாயால் கெடும்!

கேள்வி: தேரையைத் தொட்டால் மரு வரும் என்று என் மகளை அதன் பக்கமே விடுவதில்லை. சரிதானா? தவளையும் தேரையும் வேறு வேறா?

மரு வராது. மருவுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் ஒட்டும், தேரைக்கு அதில் பங்கே இல்லை. அதன் முதுகில் கொப்புளம் போலத் தெரிபவை சுரப்பிகள். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் பெரிய சுரப்பிகள் இரண்டிலும் பால் போல ஒரு நஞ்சு உண்டு. நாய் கவ்வினால் நுரை தள்ளும். மகள் தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்குவதற்குள் கையைக் கழுவச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

வழவழப்பான தோல், நீண்ட பின்னங்கால், ஒரே தாவல் என்றால் தவளை. சொரசொரப்பு, குட்டைக் கால், தத்தித் தத்தி நடை என்றால் தேரை. முட்டையைப் பார்த்தால் இன்னும் சுலபம்: தவளை கொத்தாக இடும், தேரை பாசிமணி மாலை போலச் சரமாக இடும். இதற்கெல்லாம் விதிவிலக்கு உண்டு. 7,000-க்கும் மேற்பட்ட தவளை இனங்களில் தேரைகள் ஒரு குடும்பம், அதனால் தேரையைத் தவளை என்றாலும் பிழையில்லை.

கேள்வி: கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் உணவு வைத்திருக்கிறான் என்று பாட்டி சொல்வார். கல்லுக்குள் தேரை நிஜமாகவே உயிரோடு இருக்குமா?

இதே கேள்வியை 200 வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டு, சோதித்தும் பார்த்துவிட்டார். பாறையைப் பிளந்தால் உள்ளே உயிருள்ள தேரை இருந்தது என்று ஐரோப்பாவிலும் கல் உடைப்பவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லாண்ட் அதைச் சும்மா விடவில்லை. அவர் கையில் கிடைத்த பிராணியையெல்லாம் சமைத்துத் தின்று பார்ப்பதில் பேர்போனவர். தேரைகளைத் தின்னவில்லை. அதைவிடக் கொடுமையாக ஒன்று செய்தார்.

1825 நவம்பரில் 24 தேரைகளைப் பிடித்து, 12-ஐச் சுண்ணாம்புக்கல்லில் குடைந்த குழிகளிலும் 12-ஐ மணற்கல் குழிகளிலும் வைத்தார். மேலே கண்ணாடி போட்டு இடைவெளியை அடைத்து, தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். 1826 டிசம்பரில் தோண்டினார். மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இருந்தவற்றில் பெரும்பாலானவை உயிரோடு! இரண்டுக்கு எடையே கூடியிருந்தது. பார்த்தால், அவற்றில் ஒன்றின் கண்ணாடியில் விரிசல்; பூச்சிகள் அந்த வழியாகப் போயிருக்க வேண்டும். மனிதர் அதோடு விட்டாரா? பிழைத்தவற்றை மறுபடி புதைத்தார். இரண்டாவது வருடம் முடிவதற்குள் எல்லாம் போய்விட்டன.

அதனால் பாறைக்குள் யுகயுகமாகத் தேரை என்பது கதை. ஆனால் குட்டியாக இருக்கும்போது ஒரு விரிசலுக்குள் புகுந்து, வருகிற பூச்சியைத் தின்று பெருத்து, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளலாம். குளிர்ந்த ரத்தப் பிராணி, சாப்பாட்டுச் செலவு குறைவு. ஆஸ்திரேலியாவில் ஒரு தவளை மழையில்லாத காலத்தில் உடம்பில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, உரிந்த தோலையே உறையாகப் போர்த்தி, வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும்.

விரிசல் வழியே பூச்சியை அனுப்பியது யார் என்பது உங்கள் பாட்டியின் துறை. நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: இளவரசி முத்தமிட்டதும் தவளை இளவரசனாகிவிடுமே, அந்தக் கதை யாருடையது?

1812-ல் வெளிவந்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் அதுதான் முதல் கதை. முத்தமெல்லாம் பிற்பாடு வந்தது. அதில் இளவரசி கோபத்தில் தவளையைச் சுவரில் ஓங்கி அடிப்பாள். அப்புறம்தான் இளவரசன்.

கேள்வி: தவளை நல்ல சகுனமா, கெட்ட சகுனமா?

எந்த நாட்டில் கேட்கிறீர்கள்? பழைய எகிப்தில் பிரசவத்துக்குத் துணை நின்ற ஹெகெட் தேவதைக்குத் தவளை முகம். அவர்கள் எழுத்தில் ஒரு தலைப்பிரட்டை வரைந்தால் ஒரு லட்சம். நைல் கரையில் தலைப்பிரட்டைகளைப் பார்த்தவனுக்கு வேறு எண் தோன்றியிருக்காது. ஜப்பானிய மொழியில் தவளையும் 'காஎரு', திரும்பி வருவதும் 'காஎரு'. செலவழித்த பணம் திரும்பட்டும் என்று பர்ஸில் சின்னத் தவளை வைத்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் மட்டும் பாவம், தேரையைச் சூனியக்காரியின் கூட்டாளி ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி: நீங்கள் எத்தனை தவளைகளை அறுத்திருப்பீர்கள்? பாவமாக இல்லையா?

கணக்கு வைக்கவில்லை. வைக்காததே பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாணவனாக நான் அறுத்த முதல் தவளையின் இதயம், வெட்டி எடுத்து உப்புக் கரைசலில் போட்ட பிறகும் கிண்ணத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்தக் கரைசலுக்கு ஒரு கதை உண்டு. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்பு நீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். வாலைவடி நீரில் கலந்தபோது துடிப்பு அடங்கியது. முன்பு நன்றாகத் துடித்ததே என்று விசாரித்தால், அப்போது கரைசல் கலந்தது குழாய்த் தண்ணீரில்! அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட வைத்திருந்தது.

போன வருடம் எனக்கு வயிற்றுப்போக்கு முற்றி, கையில் ஊசி குத்திப் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலில் 'ரிங்கர் லாக்டேட்' என்று எழுதியிருந்தது. "என்ன சார், அதையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்டார். பழைய கடன் என்றேன். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.