ஓசி கரண்ட்னு யாரு சொன்னா?

கேள்வி: ஆசிரியர் சார், இதயத் துடிப்புலேர்ந்தே கரண்ட் எடுத்து பேஸ்மேக்கரை ஓட்டலாம்னு ஒரு வீடியோ பார்த்தேன். எங்க அப்பாவுக்கு அடுத்த வருஷம் பேட்டரி மாத்தணுமாம். உடம்புக்குள்ளயே ஓசி கரண்ட் இருக்கும்போது எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?

பதில்: ஓசின்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கேயே ஆரம்பிக்கிறேன். கும்பெனி காலத்துல அவங்க கடுதாசிக்கு ஸ்டாம்ப் கிடையாது, ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’னு முத்திரை குத்தி அனுப்புவாங்க, அதுலேர்ந்துதான் ஓசி வந்துச்சுன்னு ரொம்ப நாளா ஒரு கதை சொல்றாங்க. கதை எப்படியோ போகட்டும், அந்தக் கடுதாசியைத் தூக்கிட்டு நடந்த ஆளுக்கு கால் வலிச்சிருக்கும்ல? உடம்பு கரண்ட்டும் அப்படித்தான், உங்க அப்பா காலைல சாப்பிட்ட இட்லிதான் அது.

செலவு கம்மி, அதை ஒத்துக்கிறேன். ரத்தத்தைத் தள்ள இதயம் போடற சக்தி சுமார் 1 வாட், பேஸ்மேக்கர் கேக்கறது அதுல கிட்டத்தட்ட லட்சத்துல ஒரு பங்கு. சாவி கொடுக்காம கை அசைவுலயே ஓடுற வாட்ச் இருக்குல்ல, அதோட மெஷினைக் கழட்டி இதயத்து மேல தச்சு 50 மைக்ரோவாட் (ஒரு வாட்டைப் பத்து லட்சமாப் பிரிச்சா அதுல ஒரு பங்குதான் மைக்ரோவாட்) எடுத்து 2014ல காட்டினாங்க சுவிட்சர்லாந்து பெர்ன் நகரத்துக்காரங்க. யார் இதயத்து மேல? பன்னி இதயத்து மேல. வீடியோ தலைப்புல பன்னி இருந்துச்சா? இருந்திருக்காது. இந்தப் பக்கத்துல நான் வருஷக்கணக்கா போடற சண்டையே இதுதான். 2010ல பிரான்ஸ் கிரெனோபிள்ல ரத்தத்துச் சர்க்கரையிலேர்ந்து கரண்ட் எடுத்தது எலிக்குள்ள, 2012ல அமெரிக்காவுல உள்காதுலேர்ந்து எடுத்தது கினிப்பன்னிக்கிட்ட, அதுவும் அஞ்சு மணி நேரம், ஏதோ ஒரு நானோவாட், அதாவது மைக்ரோவாட்டுல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு. பாடுபட்டது எலி, தலைப்புல ‘இனி மனிதனுக்கு பேட்டரியே வேண்டாம்’!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. பேஸ்மேக்கர் வைக்கிறதே இதயம் மெதுவாகும்போதோ ஒரு துடிப்பை விடும்போதோ தட்டி எழுப்பத்தான், அந்தத் துடிப்பையே நம்பி மெஷினை வச்சா, துடிப்பு நின்ன நேரத்துல கரண்ட் எங்கேர்ந்து வரும்? அப்ப சேர்த்து வைக்க உள்ள ஒரு பேட்டரி வேணும்தானே, சுத்திச் சுத்தி அங்கதான் வர்றோம்.

பேட்டரியை இளக்காரமா பாக்காதீங்க சார். 1958 அக்டோபர்ல ஸ்டாக்ஹோம்ல ஆர்னே லார்சனுக்கு உலகத்துலயே முதல்முதலா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வச்சாங்க, ஷூ பாலிஷ் டப்பாவை அச்சா வச்சு ரெசின் ஊத்தி வார்த்தது, வெளியிலேர்ந்து காயில் வச்சு சார்ஜ் பண்ணணும், சில மணி நேரத்துல நின்னே போச்சு. உடனே இன்னொண்ணு வச்சாங்க. அப்படி மாத்தி மாத்தி இருபதுக்கு மேல, மனுஷன் 2001 வரைக்கும் 86 வயசு வாழ்ந்தாரு. அதைச் செஞ்ச எஞ்சினியர் எல்ம்க்விஸ்ட், வச்ச டாக்டர் சென்னிங் ரெண்டு பேருமே அவருக்கு முன்னாடி போயிட்டாங்க. நடுவுல 1970ல பாரீஸ்ல புளூட்டோனியம் பேட்டரி கூட வச்சுப் பார்த்தாங்க. கடைசில நின்னது லித்தியம்தான், இன்னிக்கு வருஷக்கணக்கா ஓடுது.

அதனால அப்பாவுக்கு தயவுசெஞ்சு தேதியைத் தள்ளாதீங்க. செக்கப்ல பேஸ்மேக்கரைச் சோதிக்கிற கருவியை நெஞ்சு மேல வச்சுப் பாக்கும்போது பேட்டரி இன்னும் எத்தனை மாசம் வரும்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பெரும்பாலும் இதயத்துக்குப் போற ஒயரைத் தொடவே மாட்டாங்க, தோலுக்கடியில இருக்கிற பெட்டியை மட்டும்தான் மாத்துவாங்க. எங்க அம்மாவுக்கு ரெண்டு தடவை மாத்தியாச்சு. இடது காறை எலும்புக்குக் கீழ தீப்பெட்டி மாதிரி புடைப்பா இருக்கும், பழைய தழும்பு மேலயே கீறினாங்க. வீட்டுக்கு வந்த அன்னிக்கு சாயங்காலமே இடது கையை மடியில வச்சுக்கிட்டு வலது கையாலயே முருங்கைக்கீரை உருவிட்டிருந்தாங்க.