எர்லி டிசிஷன்: கையெழுத்துக்கு முன் கணக்கு

நவம்பர் 1 கெடு நெருங்குகிறது. அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை எர்லி டிசிஷன் பற்றியவை. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வோம் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடும் விண்ணப்பம் அது.

கேள்வி: அக்கா, உதவித்தொகை எவ்வளவு வரும் என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

தெரிந்துகொண்டு போடுங்கள். மத்திய அரசின் மாணவர் உதவி பெறும் கல்லூரிகள் எல்லாம் உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். வரிப் படிவம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். குத்துமதிப்பாகப் போட்டால் குத்துமதிப்பாகத்தான் விடை வரும். வரும் தொகையை நான்கு ஆண்டுக்குப் பெருக்கி, ஆண்டுதோறும் ஏறும் கட்டணத்தையும் சேருங்கள். அது தாங்காது என்றால் எர்லி டிசிஷன் வேண்டாம். 'முதலில் சீட் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது இங்கே எடுபடாது.

கேள்வி: கால்குலேட்டரை எவ்வளவு நம்பலாம்? எங்களுக்குச் சொந்த வீடு, ஒரு சின்ன கடை, ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது.

சம்பளமும் ஒரு வங்கிக் கணக்கும் மட்டும் உள்ள குடும்பத்துக்கு ஓரளவு சரியாகவே வரும். கடை, வாடகை வருமானம், பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் தடுமாறும். உங்களுக்கு ஆபத்து வீட்டில்தான். மாணவர் உதவிக்கான அரசின் ஃபாஃப்சா படிவம் நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கேட்காது. தனியார் கல்லூரிகள் பல நிரப்பச் சொல்லும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவம் வீட்டையும் கேட்கும். வீட்டின் விலை 8 லட்சம் டாலர், கடன் பாக்கி 3 லட்சம் என்று வையுங்கள். மீதி 5 லட்சம். அதை முழுதாக எடுத்துக்கொள்ளும் கல்லூரி அதில் 5 விழுக்காடு வரை, அதாவது ஆண்டுக்கு 25,000 டாலர் வரை உங்களால் தர முடியும் என்று நினைக்கும். வீட்டை விற்றா கட்டுவீர்கள்? சில கல்லூரிகள் இதற்கு உச்சவரம்பு வைக்கின்றன. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் வீட்டைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் அங்கே எர்லி டிசிஷனே கிடையாது!

ஊர் நிலத்தையும் சிஎஸ்எஸ்ஸில் காட்டத்தான் வேண்டும். தாத்தா பெயரில் இருந்தால் அது உங்கள் சொத்து அல்ல. உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் மறைக்காதீர்கள். கால்குலேட்டர் விடையை அச்செடுத்து, உதவித்தொகை அலுவலகத்துக்கு அனுப்பி, 'கடையையும் வீட்டையும் எப்படிக் கணக்கிடுவீர்கள்?' என்று அக்டோபரிலேயே கேளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் இடம் கிடைத்து, பணம் போதவில்லை என்றால் மாட்டிக்கொண்டோமா?

இல்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, வந்த தொகையில் படிக்க வைக்க முடியாது என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்திலேயே அப்படி இருக்கிறது. விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்கு இந்த வழி கிடையாது. முதலில் அலுவலகத்தை அழைத்து, வேலை இழப்பு, மருத்துவச் செலவு என எது இருந்தாலும் ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள். உதவித்தொகைக் கடிதம் கையில் வரும்வரை மற்றக் கல்லூரி விண்ணப்பங்களைத் திரும்பப் பெறாதீர்கள். பல கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் வாரமே கெடு என்பதால் அந்தக் கட்டுரைகளையும் எழுதி முடித்து வைத்திருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில், மகன் அதைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். எங்களுக்கு ஏதாவது உண்டா?

மத்திய அரசின் உதவி கிடையாது. கிரீன் கார்டு வந்தால் உண்டு. பல கல்லூரிகள் உங்கள் மகனை வெளிநாட்டு மாணவராகவே பார்க்கும், உதவி கேட்பதே சேர்க்கையில் பாதகமாகலாம். எர்லி டிசிஷன் உள்ளவற்றில் ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பிரவுன், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணத்தைப் பார்க்காமல் இடம் தந்து, தேவையை முழுதாக ஈடுகட்டுகின்றன. முதல் ஆண்டில் கேட்காமல் விட்டால் பிறகு கேட்கவே முடியாது என்று விதி வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு மதிப்பெண் நன்றாக இருக்கிறது. மெரிட் ஸ்காலர்ஷிப் வருமா?

ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்றவை அடங்கிய ஐவி லீக்கில் வராது, அங்கே தேவைக்கு மட்டும்தான். மெரிட் தரும் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பேரம் பேச நினைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத எர்லி ஆக்‌ஷனிலோ வழக்கமான சுற்றிலோ போடுங்கள். எர்லி டிசிஷனில் கையில் ஒரே கடிதம்தான் இருக்கும், எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

கேள்வி: மூத்தவன் ஏற்கெனவே கல்லூரியில். இரண்டு கட்டணம் என்பதைப் பார்ப்பார்களா?

ஃபாஃப்சா 2024-25 முதல் பார்ப்பதில்லை. சிஎஸ்எஸ் கேட்கும் பல கல்லூரிகள் இன்னும் பார்க்கின்றன. ஆனால் மூத்தவன் பட்டம் வாங்கும் ஆண்டில் இளையவனின் பில் ஏறும், அந்தக் கூடுதலையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.